மீன் எண்ணெய் மாத்திரையும் இதய நோயும்: எதைச் சான்று என்பது?

அமெரிக்காவில் விற்கும் சத்து மாத்திரை டப்பா ஒன்றை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘இதய ஆரோக்கியத்துக்குத் துணைபுரிகிறது’ என்று இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், இந்தப் பொருள் எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ உருவாக்கப்பட்டதல்ல என்று இருக்கும். இரண்டையும் எழுதியது ஒரே கம்பெனிதான். 1994-இல் அங்கே வந்த சட்டம் இதற்கு வழி செய்து கொடுத்தது. மருந்து என்றால், வேலை செய்கிறது என்று நிரூபித்த பிறகுதான் கடைக்கு வரலாம். சத்து மாத்திரைக்கு அந்த நிபந்தனை கிடையாது. பதிலுக்கு, அது நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. உறுப்பின் பெயரைத் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும், ஸ்டென்ட் வைத்தவருக்கும், இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குபவருக்கும் ‘துணைபுரிகிறது’ என்ற சொல்லால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. இதைச் சாப்பிட்டால் அடுத்த மாரடைப்பு வரும் வாய்ப்பு குறையுமா? மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை தள்ளிப்போகுமா? ஆயுள் கூடுமா? இந்தக் கேள்விகளுக்கு எந்த மாதிரி ஆதாரம் பதில் சொல்லும், எது சொல்லாது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். உதாரணத்துக்கு மீன் எண்ணெயை எடுத்துக்கொள்கிறேன். ஐம்பது வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள், லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படியும் வழக்கு இன்னும் முடியவில்லை.

கிரீன்லாந்தில் கிடைத்த துப்பு

1970-களின் தொடக்கத்தில் பேங், டைர்பெர்க் என்ற இரண்டு டென்மார்க் ஆய்வாளர்கள் கிரீன்லாந்துக்குப் போய், அங்கே வாழும் இனுயிட் மக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அந்த மக்களின் சாப்பாடு சீல், திமிங்கிலம், மீன் என்று கொழுப்பு நிறைந்தது. ஆனால் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைவாக இருந்தது. மாரடைப்பும் அவர்களுக்கு அபூர்வம் என்று அரசுப் பதிவேடுகள் சொல்லின. கடல் உயிர்களின் கொழுப்பில் ஒமேகா-3 என்ற வகை நிறைய இருக்கிறது. அதில் முக்கியமானவை இரண்டு: ஈ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. இவைதான் இதயத்தைக் காக்கின்றன என்ற கருத்து அங்கிருந்து கிளம்பியது.

நல்ல கருத்துதான். ஆனால் 2014-இல் கனடாவைச் சேர்ந்த ஒரு குழு அந்தப் பழைய கட்டுரைகளைத் திரும்ப எடுத்துப் படித்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் மாரடைப்புகளைத் தாங்களாக எண்ணவே இல்லை, பதிவேட்டை நம்பித்தான் எழுதினார்கள் என்று அந்தக் குழு சுட்டிக்காட்டியது. பரந்து கிடக்கும் பனிப் பிரதேசத்தில், மருத்துவர் எட்டிப்பார்க்காத குடியிருப்பில் ஒருவர் இறந்தால், எதனால் இறந்தார் என்று பதிவேட்டில் எழுதியது எந்த அளவுக்குச் சரியாக இருக்கும்? ‘மாரடைப்பு குறைவு’ என்பதே சந்தேகத்துக்கு இடமானது.

ரத்தத்தில் கண்டது பொய்யில்லை. அந்த ஆய்வு ஒரு துப்பு, அவ்வளவுதான். துப்பை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது.

மாத்திரை சாப்பிடுபவர் எப்படிப்பட்டவர்?

துப்புக்கு அடுத்தபடியாக வருவது, ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு. யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். அப்புறம் யாருக்கு நோய் வந்தது என்று பார்ப்பார்கள். யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. செய்திகளில் வரும் ‘இதைச் சாப்பிடுபவர்களுக்கு இதய நோய் குறைவு’ என்ற தலைப்புகளில் பெரும்பாலானவை இந்த வகை.

இதில் எங்கே சறுக்கும் என்பதற்கு வைட்டமின் ஈ நல்ல உதாரணம். 1993-இல் அமெரிக்காவில் செவிலியர்களையும் மருத்துவத் துறையில் இருக்கும் ஆண்களையும் பின்தொடர்ந்த இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. வைட்டமின் ஈ மாத்திரையை வருடக்கணக்கில் எடுத்தவர்களுக்கு இதய நோய் கணிசமாகக் குறைவாக இருந்தது. மாத்திரை விற்பனைக்குக் கேட்கவா வேண்டும்! பிறகு ‘ஹோப்’ என்ற சோதனையில், ஆபத்து அதிகமுள்ள 9,541 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ-யும் மறு பாதிக்கு அதே மாதிரி தோற்றமுள்ள போலி மாத்திரையும் கொடுத்தார்கள். சுமார் நாலரை வருடம் கழித்து எண்ணிப் பார்த்தால், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து வைட்டமின் குழுவில் 16.2 சதவீதம், போலி மாத்திரைக் குழுவில் 15.5 சதவீதம். முடிவு 2000-இல் வெளியானது. அதே ஆட்களை மேலும் சில வருடம் தொடர்ந்தபோது வைட்டமின் குழுவில் இதயச் செயலிழப்பு சற்று அதிகமாகவே தென்பட்டது.

முதலில் வந்த ஆய்வுகள் பொய் சொல்லவில்லை. மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் அதை மாத்திரை செய்ததா என்பதுதான் கேள்வி. யாரும் சொல்லாமல், சொந்தக் காசில், வருடக்கணக்கில் தவறாமல் வைட்டமின் சாப்பிடுபவர் எப்படிப்பட்டவர்? பெரும்பாலும் நடைப்பயிற்சி போகிறவர், புகை பிடிக்காதவர், ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்கிறவர், கையில் கொஞ்சம் காசும் இருப்பவர். மாத்திரையை எடுத்துவிட்டாலும் அவர் நன்றாகத்தான் இருந்திருப்பார்.

இந்த விளைவு எவ்வளவு பெரியது என்று கேட்பவர்களுக்கு, எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு உண்டு. 1980-இல் வெளியானது. மாரடைப்பு வந்த ஆண்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய அமெரிக்கச் சோதனையின் கிளைக் கணக்கு அது. போலி மாத்திரைக் குழுவை மட்டும் தனியாக எடுத்தார்கள். கொடுத்ததை ஒழுங்காக விழுங்கியவர்கள் ஒரு பக்கம், அடிக்கடி விட்டவர்கள் மறுபக்கம். ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் 15 சதவீதம். விட்டவர்களில் 28 சதவீதம். விழுங்கியது ஒன்றுமே இல்லாத மாத்திரை! ஆனாலும் சாவு ஏறத்தாழ பாதியாகத் தெரிந்தது. உடல்நிலை, வயது, பழக்கவழக்கம் என்று கையில் இருந்த தகவல்களையெல்லாம் வைத்துக் கணக்கைச் சரிசெய்து பார்த்தும் அந்த வித்தியாசம் போகவில்லை. ‘மற்றக் காரணிகளையெல்லாம் சரிசெய்துவிட்டோம்’ என்று ஒரு ஆய்வு சொல்லும்போது இந்த 15-ஐயும் 28-ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள்.

குலுக்கல் முறையின் அருமை இங்கேதான் தெரியும். யாருக்கு உண்மை மாத்திரை, யாருக்குப் போலி என்பதை ஆட்களின் குணமோ மருத்துவரின் விருப்பமோ தீர்மானிக்காமல் குலுக்கல் தீர்மானித்தால், நடைப்பயிற்சி போகிறவரும் போகாதவரும் இரண்டு பக்கமும் சமமாகவே விழுவார்கள். நமக்குத் தெரியாத, அளக்க முடியாத வித்தியாசங்களும் அப்படியே பிரிந்துவிடும். அதன் பிறகு கடைசியில் ஒரு வித்தியாசம் தெரிந்தால், அதற்குக் காரணம் மாத்திரை அல்லது தற்செயல். வேறொன்றும் இல்லை. ஆட்கள் கூடக்கூடத் தற்செயலின் பங்கு குறையும்.

ஜெயித்த சோதனைகள், தோற்ற சோதனைகள்

சரி, மீன் எண்ணெய்க்கு வருவோம். 1989-இல் ‘டார்ட்’ என்ற சோதனையின் முடிவு வந்தது. வேல்ஸ் பகுதியில் மாரடைப்பு வந்து பிழைத்த 2,033 ஆண்களில் ஒரு பகுதியினருக்குக் கொழுப்புள்ள மீனைச் சாப்பிடச் சொன்னார்கள். மீன் பிடிக்காதவர்களுக்கு எண்ணெய் மாத்திரை. இரண்டு வருடத்தில் அந்தக் குழுவில் இறப்பு 29 சதவீதம் குறைந்தது. 1999-இல் இத்தாலியில் ‘கிஸ்ஸி’ சோதனை: அண்மையில் மாரடைப்பு வந்த 11,324 பேர், தினமும் ஒரு கிராம் ஒமேகா-3. அங்கேயும் இறப்பு குறைந்தது, குறிப்பாகத் திடீர் இதய மரணம். இதே சோதனையில் வைட்டமின் ஈ-யையும் வைத்துப் பார்த்தார்கள். அதனால் பயன் தெரியவில்லை.

இத்துடன் கதை முடிந்திருந்தால் மீன் எண்ணெய் இன்று ஒவ்வொரு இதய நோயாளியின் சீட்டிலும் இருந்திருக்கும். டார்ட் குழுவில் இருந்தவர்களே நெஞ்சுவலி நோயாளிகளான 3,114 ஆண்களை வைத்து இரண்டாவது சோதனை செய்தார்கள். 2003-இல் வந்த முடிவு தலைகீழ். பயன் ஒன்றும் இல்லை, எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களிடம் திடீர் மரணம் கூடியிருந்தது. அதன் பிறகு வந்த பெரிய சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ‘வித்தியாசம் இல்லை’ என்றே சொல்லின. 2018-இல் பத்துச் சோதனைகளை, மொத்தம் 77,917 பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மாரடைப்போ இதய மரணமோ குறிப்பிடும்படி குறையவில்லை.

ஆரம்பத்தில் ஜெயித்தது பிறகு ஏன் தோற்றது? ஒரு காரணம், கிஸ்ஸியில் மீன் எண்ணெய்க்குப் போலி மாத்திரை இல்லை. யார் என்ன எடுக்கிறார்கள் என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். தெரிந்தால் கவனிப்பு மாறும், மற்றப் பழக்கங்கள் மாறும். இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிஸ்ஸி தொடங்கிய காலத்தில், கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் என்ற மருந்தை எடுத்தவர்கள் மிகக் குறைவு. இன்று மாரடைப்பு வந்தவருக்கு அடைப்பை உடனே திறந்துவிடுகிறார்கள். ஸ்டாட்டின், ரத்தம் உறையாமல் பார்க்கும் மருந்து எல்லாம் வழக்கமாகிவிட்டன. இவ்வளவும் நடந்த பிறகு மேற்கொண்டு ஒரு கிராம் மீன் எண்ணெய் செய்வதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? அன்று உண்மையாக இருந்த பயன் இன்று காணாமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று யாராவது சொன்னால், எந்த வருடத்து ஆய்வு, அந்த நோயாளிகள் கூடவே வேறு என்ன எடுத்தார்கள் என்று கேட்பது வம்புக்குக் கேட்பது ஆகாது.

எண் குறைந்தால் நோய் குறையுமா?

மீன் எண்ணெய் டிரைகிளிசரைடைக் குறைக்கும். அதில் சந்தேகமே இல்லை. கிராம் கணக்கில் கொடுத்தால் நன்றாகவே குறைக்கும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஓர் எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறோம், உடனே இதயம் காப்பாற்றப்பட்டது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்.

ஹோமோசிஸ்டீன் என்ற ஒரு பொருள் ரத்தத்தில் அதிகமாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் கண்டன. ஃபோலிக் அமிலமும் சில பி வைட்டமின்களும் கொடுத்தால் அது இறங்கும். விலை குறைந்த மாத்திரை, நம்பும்படியான காரணம், இறங்குகிற எண். இதைவிட வேறென்ன வேண்டும்? நார்வேயில் மாரடைப்பு வந்த 3,749 பேரிடம் சோதித்தார்கள். ஹோமோசிஸ்டீன் சுமார் 27 சதவீதம் இறங்கியது. மாரடைப்பு குறையவில்லை. முடிவு வெளிவந்த அதே 2006-இல், 5,522 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையும் மாரடைப்பைப் பற்றி அதையே சொன்னது. எண் நோயோடு கூடவே வரலாம், ஆனால் நோயை உண்டாக்குவது அதுவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு இதில் விதிவிலக்கு மாதிரி நிற்கிறது. அதை வெவ்வேறு வழிகளில் வேலை செய்யும் மருந்துகளால் குறைத்தபோதும் மாரடைப்பு குறைந்திருக்கிறது. பிறவியிலேயே அது குறைவாக உள்ளவர்களுக்கும் இதய நோய் குறைவு. அதனால்தான் மருத்துவர்கள் அந்த எண்ணை அவ்வளவு நம்புகிறார்கள். மற்ற எண்களுக்கு அந்தத் தகுதி தானாக வந்துவிடாது.

ரெட்யூஸ்-இட், ஸ்ட்ரெங்த்

எல்லாரும் மீன் எண்ணெயைக் கைவிட்டுவிடலாம் என்று நினைத்த அதே 2018-இல்தான் ‘ரெட்யூஸ்-இட்’ சோதனையின் முடிவு வந்தது. கவனமாகப் பார்க்க வேண்டிய சோதனை இது. ஆட்கள் 8,179 பேர். எல்லாரும் ஸ்டாட்டின் எடுப்பவர்கள், டிரைகிளிசரைடு உயர்ந்தவர்கள். பெரும்பாலோருக்கு ஏற்கெனவே இதய நோயோ ரத்தக் குழாய் நோயோ இருந்தது, மற்றவர்களுக்குச் சர்க்கரை நோயும் வேறு ஆபத்துகளும். கொடுத்தது கடையில் கிடைக்கும் மீன் எண்ணெய் இல்லை. ஈ.பி.ஏ.-வை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து தயாரித்த ‘ஐகோசபென்ட் எத்தில்’ என்ற மருந்து, தினமும் 4 கிராம். சுமார் ஐந்து வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம், ஸ்டென்ட் அல்லது பைபாஸ், நெஞ்சுவலியோடு மருத்துவமனைச் சேர்க்கை எல்லாம் சேர்ந்து 25 சதவீதம் குறைந்தன.

இந்த 25-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். போலி மாத்திரை எடுத்த நூறு பேரில் 22 பேருக்கு இவற்றில் ஏதோ ஒன்று நடந்தது. மருந்து எடுத்த நூறு பேரில் 17 பேருக்கு நடந்தது. அதாவது நூறு பேர் ஐந்து வருடம் தினமும் எடுத்தால் ஐந்து பேருக்கு நேரடிப் பயன். 78 பேருக்கு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றும் நடந்திருக்காது, 17 பேருக்கு எடுத்தும் நடந்தது. ‘25 சதவீதம் குறைவு’, ‘நூற்றுக்கு ஐந்து பேர் குறைவு’ இரண்டும் ஒரே முடிவுதான். விளம்பரத்தில் எப்போதும் முதலாவதுதான் வரும். எனக்குக் கேட்டால் இந்த மாதிரி நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து என்பது நல்ல பயன்தான், சாதாரணமாக ஒதுக்க முடியாது. 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இத்தகைய நோயாளிகளுக்கு இதை அனுமதித்தது.

அப்புறம்தான் சிக்கல். போலி மாத்திரைக்குள் என்ன இருந்தது? மினரல் ஆயில், அதாவது கனிம எண்ணெய். அதை எடுத்த குழுவில் கெட்ட கொழுப்பு சுமார் 10 சதவீதம் ஏறியிருந்தது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற அளவும் சுமார் 30 சதவீதம் ஏறியிருந்தது. போலி மாத்திரை என்றால் நல்லதும் செய்யக் கூடாது, கெட்டதும் செய்யக் கூடாது. அது கொஞ்சம் கெடுத்திருந்தால், எதிரே உள்ள மருந்து தன் தகுதிக்கு மேல் நன்றாகத் தெரியும். கிடைத்த பயனில் இதனால் வந்தது சிறு பங்காகத்தான் இருக்க முடியும் என்பது அனுமதி கொடுத்தவர்களின் கணக்கு. எல்லா நிபுணர்களும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

2020-இல் ‘ஸ்ட்ரெங்த்’ வந்தது. 13,078 பேர், அதே மாதிரி நோயாளிகள், அதே 4 கிராம். ஆனால் இதில் ஈ.பி.ஏ.-வோடு டி.ஹெச்.ஏ.-வும் இருந்தது, போலி மாத்திரையில் இருந்தது மக்காச்சோள எண்ணெய். முடிவு: மருந்துக் குழுவில் 12.0 சதவீதம், போலிக் குழுவில் 12.2 சதவீதம். இனிமேல் தொடர்ந்தாலும் பயன் தெரியப்போவதில்லை என்று சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஒரே அளவு, ஒரே மாதிரி ஆட்கள், எதிரெதிர் முடிவு. ஈ.பி.ஏ. மட்டும் இருந்ததால் முதலாவது ஜெயித்தது, டி.ஹெச்.ஏ. சேர்ந்ததால் இரண்டாவது கெட்டது என்பது ஒரு கட்சி. ஜப்பானில் 18,645 பேரிடம் ஈ.பி.ஏ.-வை மட்டும் வைத்து நடந்து, 2007-இல் முடிவு வெளியான ‘ஜெலிஸ்’ சோதனையில் 19 சதவீதம் பயன் கிடைத்ததை அவர்கள் துணைக்கு அழைப்பார்கள். அதில் போலி மாத்திரை இல்லை என்று எதிர்க்கட்சி பதில் சொல்லும். கனிம எண்ணெய்தான் வித்தியாசத்துக்குக் காரணம் என்பது அவர்கள் வாதம். கனிம எண்ணெயை விட்டுவிட்டு, வேறொரு போலி மாத்திரையை வைத்து அதே சுத்த ஈ.பி.ஏ.-வை அதே அளவில் பெரிதாகச் சோதித்தால் சண்டை தீரும். அதற்குப் பெரும் பணமும் பல வருடமும் வேண்டும். நான் எந்தக் கட்சி என்றால், கொஞ்சம் பயன் உண்மை, ஆனால் 25 சதவீதம் என்பது கூடுதல் என்று நினைக்கிறேன். இது என் கணிப்புதான், அதற்குமேல் அதற்கு மதிப்பு இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டு சோதனைகளிலும் மருந்துக் குழுவில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற இதயத் துடிப்புக் கோளாறு கூடியது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நிலை அது, பக்கவாதத்துக்கு வழி வகுக்கக்கூடியது. 2021-இல் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, தினம் ஒரு கிராமுக்கு மேல் எடுத்தவர்களிடம் இந்த ஆபத்து சுமார் 49 சதவீதமும், ஒரு கிராமோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்களிடம் 12 சதவீதமும் கூடியிருந்தது. இதையும் நூற்றுக் கணக்கில் சொல்லிவிடுவதுதான் நியாயம். ரெட்யூஸ்-இட்டில் இந்தக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர், போலிக் குழுவில் இரண்டு பேர். சிறிய ஆபத்துதான். ஆனால் பயனே இல்லாத ஒருவர் அந்தச் சிறிய ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்?

சோதனையில் ஜெயித்தது ஒரு பொருள், நாம் வாங்குவது இன்னொன்று என்பதும் இங்கே ஒரு சங்கடம். ‘1000 மில்லிகிராம் மீன் எண்ணெய்’ என்று எழுதிய சாதாரண மாத்திரையில் ஈ.பி.ஏ.-வும் டி.ஹெச்.ஏ.-வும் சேர்ந்து பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான் இருக்கும், மீதி வேறு கொழுப்பு. 4 கிராம் ஒமேகா-3 வேண்டுமென்றால் தினமும் பதின்மூன்று மாத்திரை விழுங்க வேண்டும். அப்படி விழுங்கினாலும் அது சுத்த ஈ.பி.ஏ. ஆகாது. டப்பாவின் பின்பக்கத்தில் இந்த இரண்டு அளவுகளையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள்.

சின்னச் சோதனையின் பெரிய நம்பிக்கை

இதயச் செயலிழப்புக்குப் பலர் கேட்பது கோ-என்சைம் கியூ10 பற்றி. 1957-இல் மாட்டின் இதயத் திசுவிலிருந்து கண்டெடுத்த பொருள். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் வேலையில் இதற்குப் பங்கு உண்டு. பலவீனமான இதயத்தில் இது குறைந்திருக்கும், ஸ்டாட்டினும் ரத்தத்தில் இதன் அளவைக் குறைக்கும். ஆகவே கொடுத்தால் நல்லது என்ற வாதம் கேட்க நன்றாகவே இருக்கிறது. 2014-இல் வெளியான ‘கியூ-சிம்பியோ’ சோதனையில் 100 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, இரண்டு வருடம் கொடுத்தார்கள். பெரிய இதயப் பாதிப்புகள் போலிக் குழுவில் 26 சதவீதம், மாத்திரைக் குழுவில் 15 சதவீதம். முறையாக, போலி மாத்திரையோடு நடந்த சோதனை.

ஆனால் ஆட்கள் 420 பேர் மட்டுமே. நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டினால் ஏழு தலை விழுவது அதிசயமே இல்லை, ஆயிரம் தடவை சுண்டி எழுநூறு தலை விழுந்தால்தான் நாணயத்தைச் சந்தேகிக்க வேண்டும். சின்னச் சோதனையில் பாதிப்பு வந்தவர்கள் சில பத்துப் பேர்தான். அதில் கொஞ்சம் பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறியிருந்தால் முடிவே மாறிவிடும். வைட்டமின் ஈ-யும் இதே வழியில் வந்ததுதான். கேம்பிரிட்ஜில் 2,002 இதய நோயாளிகளிடம் நடந்து, 1996-இல் முடிவு வெளியான சோதனையில் உயிர் தப்பிய மாரடைப்புகள் 77 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். நான்கு வருடம் கழித்து ஹோப் என்ன சொன்னது என்று மேலே பார்த்தோம். கியூ10 அப்படித்தான் ஆகும் என்று சொல்லவில்லை. இன்னொரு பெரிய சோதனை வரும்வரை அதை ‘நம்பிக்கை தருகிறது’ என்ற இடத்திலேயே வைத்திருக்கலாம். இதயச் செயலிழப்புக்கு ஆயுளைக் கூட்டும் என்று பல ஆயிரம் பேரிடம் உறுதியான மருந்துகள் இருக்கின்றன. அவற்றோடு சேர்த்து எடுப்பது ஒரு விஷயம், அவற்றுக்குப் பதிலாக எடுப்பது வேறு விஷயம்.

நிஜமாகவே வேலை செய்யும் சத்து மாத்திரை

ஒன்று உண்டு. சிவப்பு ஈஸ்ட் அரிசி. அரிசியில் ஒரு வகைப் பூஞ்சையை வளர்த்துத் தயாரிப்பது. கெட்ட கொழுப்பைக் குறைக்கும். காரணம், அதில் உள்ள மொனாகொலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற மருந்தும் வேதியியலில் ஒன்றே. ‘ஸ்டாட்டின் வேண்டாம், இயற்கையானது போதும்’ என்று இதற்கு மாறுகிறவர் உண்மையில் சாப்பிடுவது ஸ்டாட்டின்தான், எத்தனை மில்லிகிராம் என்று தெரியாத ஸ்டாட்டின். தசை வலி போன்ற பக்கவிளைவுகளும் கூடவே வரும். தயாரிப்பு சரியில்லை என்றால் சிறுநீரகத்தைப் பாதிக்கும் சிட்ரினின் என்ற நச்சும் கலந்திருக்கலாம். 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாளுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் மொனாகொலின் இருக்கலாம் என்று கட்டுப்படுத்தியது.

அதே வருடம் வந்த ‘ஸ்போர்ட்’ என்ற சிறு சோதனையில் மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறையும், குறைந்த அளவான 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டினோடு 28 நாள் ஒப்பிட்டார்கள். ஸ்டாட்டின் கெட்ட கொழுப்பைச் சுமார் 38 சதவீதம் இறக்கியது. ஆறில் எதுவும் போலி மாத்திரையைத் தாண்டவில்லை, அந்தச் சிவப்பு ஈஸ்ட் அரிசியும்கூட! உள்ளே மருந்து எவ்வளவு இருக்கிறது என்பது பிராண்டுக்கு பிராண்ட் மாறினால் இப்படித்தான். இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டாட்டினை விற்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மீன் எண்ணெய் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் என்று அதன் ஆதரவாளர்களே சொல்வதில்லை என்பதையும்தான்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் சத்து மாத்திரை எடுக்கிறார் என்றால் அது அவர் முடிவு. ஆனால் மருத்துவர் ‘என்ன மருந்து எடுக்கிறீர்கள்?’ என்று கேட்கும்போது பலர் இவற்றைச் சொல்வதே இல்லை, இது மருந்தில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு வைட்டமின் கே உள்ள மாத்திரை அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். மனச்சோர்வுக்காகச் சிலர் எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, வார்ஃபரின், இதய நோய்க்குக் கொடுக்கும் டிகாக்சின் ஆகிய இரண்டு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் இறக்கும். பொட்டாசியம் மாத்திரையை, ரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளோடு சேர்த்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று பயோட்டின். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரை, இதயத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. ஆனால் நெஞ்சுவலியோடு அவசர சிகிச்சைக்கு வருபவருக்கு மாரடைப்பா என்று பார்க்க ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். உடம்பில் பயோட்டின் அதிகமாக இருந்தால், சில நிறுவனங்களின் பரிசோதனை முறைகளில் ட்ரோபோனின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மாரடைப்பு இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தபோது, இப்படித் தவறாக வந்த ஒரு ரிப்போர்ட்டைத் தொடர்ந்து ஒருவர் இறந்த தகவலையும் சொன்னது. ஆகவே நெஞ்சுவலி என்று போனால், ரத்தம் எடுக்கும் முன்பே பயோட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். டப்பா கையில் இருந்தால் அதையும் காட்டுங்கள்.